வீட்டுத் தச்சுவேலை: கடற்காற்றும் கறையானும் உள்ள ஊருக்கான கேள்வி பதில்

தச்சுவேலை பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. திருகோணமலையில் கச்சான் என்ற காய்ந்த தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தை வரை அதே மரம் ஈரம் குடித்து ஊதும். உப்புக்காற்று ஆணியை அரிக்கும், கறையான் கீழிருந்து ஏறும். இந்த நான்கையும் கணக்கில் எடுத்துத்தான் கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் எந்த ஆயுதங்களை வாங்கவேண்டும்?

அளவுநாடா, மூலைமட்டம், நடுத்தரப் பல் கொண்ட கைவாள், 12 மி.மீ., 25 மி.மீ. உளிகள் இரண்டு, ஒரு சீவுளி, சுத்தியல், ஒரு ட்ரில் மிஷின், குறைந்தது நான்கு கிளாம்ப். இவை இருந்தால் றாக்கை, வாங்கு, பெட்டி, நுளம்பு வலைச் சட்டம் எல்லாம் செய்யலாம். காசு குறைவென்றால் ட்ரில்லில் மிச்சம் பிடியுங்கள், மூலைமட்டத்தில் பிடிக்கவேண்டாம். மலிந்த மூலைமட்டம் பல வேளைகளில் நேராக இருக்காது. சோதிக்க ஒரு வழி உண்டு: நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு கீறுங்கள். மட்டத்தை மறுபக்கம் திருப்பி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்து போனால் அந்த விரிவின் பாதிதான் பிழை. கடையிலேயே ஒரு பென்சிலோடு நின்று இதைப் பார்த்துவிடலாம்.

மேசைவாள், ரவுட்டர் (தவாளிப்பு வெட்டும் மிஷின்) எல்லாம் பிறகு. முதல் வருடத்தில் அவை இல்லாமலே போதிய வேலை இருக்கிறது.

எந்த மரத்தில் பழகலாம்?

மகோகனி. வெட்டவும் சீவவும் இலகு, அதிகம் முறுகாது. மலைவேம்பு இன்னும் மெது, பாரமும் குறைவு. ஆனால் நகம் பட்டாலே பதியும். உள்வீட்டுப் பெட்டிகளுக்கு நல்லது. தேக்கு எல்லோருக்கும் ஆசைதான், விலைதான் தடை. தேக்கில் உள்ள எண்ணெய்த்தன்மை ஒட்டைப் பிடிக்கவிடாது. ஆகவே ஒட்டுவதற்குச் சற்று முன் மூட்டைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்கவேண்டும். பலாவும் வேம்பும் இந்தப் பக்கத்தில் நன்றாகவே கிடைக்கும். வேம்பின் இழை பின்னிப் பின்னி ஓடுவதால் சீவுளி ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் பிய்க்கும்.

பாலை, முதிரை இரண்டும் வன்னியின் பெருமரங்கள். பாலை ரயில் பாதைச் சிலிப்பர்கட்டைக்குப் போன மரம். கையால் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். பழகுகிறவர் அதைத் தொடவேண்டாம். சாவண்டலை என்று ஒரு மரம் உண்டு, சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கில மரநூல்கள் அதைத் திருகோணமலை மரம் என்றே குறிக்கும். வள்ளம், வண்டி, பீப்பாய் செய்யப் பயன்பட்டது. வளைந்து கொடுக்கும், முறியாது. கோடரிப்பிடி, மண்வெட்டிப்பிடி போட ஒரு துண்டு கிடைத்தால் விடாதீர்கள்.

மரக்காலையில் கனஅடி என்கிறார்கள். அதை எப்படிக் கணக்கிடுவது?

அகலத்தையும் தடிப்பையும் அங்குலத்தில் பெருக்கி 144ஆல் பிரித்து, நீளத்தை அடியில் பெருக்குங்கள். 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு, 12 அடி நீளம் என்றால் 6 × 1 ÷ 144 × 12 = அரைக் கனஅடி.

இரண்டு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அரிந்த 1 அங்குலப் பலகை இரண்டு பக்கமும் சீவியபின் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. அளவில்தான் நிற்கும். ஆகவே 25 மி.மீ. தடிப்பில் மேசைமேற்பலகை வேண்டுமானால் ஒன்றேகால் அங்குலத்தில் அரியச் சொல்லவேண்டும். இரண்டாவது, நுனி வெடிப்பு. பலகையின் இரண்டு அந்தத்திலும் ஒரு சாண் போகும் என்று வைத்துக்கொண்டு நீளத்தைக் கேளுங்கள்.

பலகையின் விளிம்பையும் பாருங்கள். வெளிறிய நிறத்தில் ஒரு பட்டி ஓடினால் அது வெளிறு. நடுவில் உள்ள கடும் நிறம்தான் வைரம். உளுவும் (மரம் துளைக்கும் பூச்சி) கறையானும் முதலில் வெளிற்றில்தான் கைவைக்கும்.

வாங்கிய மரம் காய்ந்ததா இல்லையா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

«காய்ந்த மரம் தம்பி» என்று மரக்காலையில் சொல்வதைக் காசு கொடுத்துச் சோதிக்காதீர்கள். பலகையின் நுனியிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி, ஒரு அங்குல அகலத் துண்டை வெட்டி எடுங்கள். நுனி எப்போதும் முதலில் காய்வதால் அங்கே வெட்டிய துண்டு ஏமாற்றும். அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைத்து, கேக் சுடும் அவனில் 100 முதல் 105 பாகையில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை மணிக்கு ஒருமுறை நிறுங்கள். முதலில் 230 கிராம், கடைசியில் 200 கிராம் என்றால் போன தண்ணீர் 30 கிராம். 30ஐ 200ஆல் பிரித்தால் 15 சதவீத ஈரப்பதம். பிரிக்கவேண்டியது காய்ந்த எடையால், முதல் எடையால் அல்ல.

வீட்டுச் சாமானுக்கு இங்கே 12 முதல் 14 சதவீதம் போதும். அதற்குக் கீழே காயவைத்தாலும் கடலோரக் காற்று திரும்ப ஏற்றிவிடும். 18க்கு மேல் இருந்தால் அடுக்கிவைக்கவேண்டும்: தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, பலகைகளுக்கு இடையில் 1 அங்குலச் சதுரக் குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, மேலுள்ள குச்சி கீழுள்ள குச்சிக்கு நேர்மேலே வருமாறு அடுக்குங்கள். குச்சி விலகிய இடத்தில் பலகை வளையும். நுனிகளில் பழைய பெயின்ட் அல்லது மெழுகு பூசுங்கள். கச்சானில் நேர்வெயிலும் நேர்காற்றும் படும் இடம் கூடாது. வெளித்தோல் சடுதியாகக் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிட்டால் பலகை முகம் முழுதும் மயிர்வெடிப்பு வரும். காற்றோட்டமான கொட்டில் நிழல்தான் சரியான இடம்.

சொந்த வளவில் நிற்கும் மரத்தை வெட்டி அரியலாமா?

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் வெட்ட அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரித்துத் தொடங்குங்கள். முதிரை, பாலை, தேக்கு போன்றவற்றை வீதியில் ஏற்றிச் செல்வதற்குப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். மரக்காலையில் வாங்கினாலும் பற்றுச்சீட்டை வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள். கருங்காலி, முதிரை என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்து வாசலில் நின்றால் வாங்கவேண்டாம்.

பெல்லட் மரம், பழைய வீட்டு மரம் நல்லதா?

பெல்லட்டில், அதாவது சாமான் அடுக்கி ஏற்றும் மரத்தட்டில், கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு சுட்ட முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, வீட்டுக்குள் பாவிக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மெதைல் புரோமைட் நச்சுவாயு அடித்தது, அதை விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாததும் எண்ணெய், இரசாயனக் கறை பிடித்ததும் வேண்டாம்.

பழைய வீடு உடைக்கும் இடத்தில் கிடைக்கும் வளை, தீராந்தி, நிலை எல்லாம் அருமையான மரம். பல பத்தாண்டு காய்ந்தது, இனி பெரிதாக முறுகாது. ஆனால் உள்ளே முறிந்த ஆணி மறைந்திருக்கும். ஒரு காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு வாளை வையுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசாக்காமல், பெயின்ட் ரிமூவர் பூசி ஈரமாகச் சுரண்டி எடுக்கவேண்டும். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் செய்யவேண்டாம்.

ஒட்டுப்பலகையா எம்.டி.எஃப்.ஆ?

எம்.டி.எஃப். என்பது மரநாரை ஒட்டோடு அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் பட்டால் அதன் விளிம்பு ஊதும், ஊதியது திரும்பாது. சமையலறைச் சிங்கின் கீழும் குளியலறை வாசலிலும் அது கூடவே கூடாது. ஒட்டுப்பலகையில் 18 மி.மீ. அலுமாரிக்கும் றாக்கைக்கும், 6 மி.மீ. முதுகுப்பக்கத்துக்கும் போதும். முழுத்தாள் 8 × 4 அடி. நீர் தாங்கும் தரத்துக்கு இந்தியத் தரமுத்திரை 710 உள்ளதைக் கேளுங்கள். அந்தத் தரத்துச் சோதனையில் துண்டை 72 மணிநேரம் கொதிநீரில் வைக்கிறார்கள். ‘மரைன்’ என்று கடையில் வாயால் சொல்வது போதாது, பலகையில் அச்சு இருக்கவேண்டும். எதை வாங்கினாலும் வெட்டிய விளிம்புகளை அன்றே சீல் செய்துவிடுங்கள். தண்ணீர் முகத்தால் போவதைவிட விளிம்பால்தான் போகும்.

திருகாணிகள் ஒரு வருடத்திலேயே துருப்பிடிக்கின்றன. ஏன்?

மஞ்சள் நிறத்தில் மினுங்கும் சாதாரணத் திருகாணியில் உள்ளது மிக மெல்லிய நாகப்பூச்சு. திருப்பும்போதே தலையில் அது உரிந்துவிடும், மீதியை உப்பு பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு உள்ளே அது தாங்கும். உப்புவெளி, நிலாவெளி, மட்டிக்களி போலக் கடற்காற்று நேரே வரும் இடங்களில் விறாந்தைச் சாமானுக்கும் யன்னல் சட்டத்துக்கும் 304 தர ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கடலைப் பார்த்த சுவரென்றால் 316. ஸ்டெயின்லெஸ்ஸில் தேநீர்நிறப் புள்ளிகள் வந்தால் பயப்படவேண்டாம், நல்ல தண்ணீரால் கழுவினாலே குறையும்.

தேக்கு போன்ற மரங்களில் சாதாரண இரும்பு ஆணி அடித்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை ஓடும். அது அழுக்கல்ல. மரச்சாற்றில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து வரும் நிறம். வார்னிஷ் பூசியபின் அதை எடுக்க முடியாது. பித்தளைத் திருகாணி அழகு, ஆனால் மெது. முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியைப் போட்டுக் கழற்றிப் புரி பதித்துவிட்டுப் பித்தளையை ஏற்றினால் தலை முறியாது.

திருகாணி போடும்போது பலகை பிளக்கிறது.

முன்துளை போடவில்லை, அல்லது மெல்லிய துளை போட்டிருக்கிறீர்கள். 4 மி.மீ. திருகாணிக்கு மெது மரத்தில் 2.5 மி.மீ., கடும் மரத்தில் 3 மி.மீ. முன்துளை. மேற்பலகையில் மட்டும் 4.5 மி.மீ. துளை வேண்டும், அதில் புரி பிடிக்கக்கூடாது. மேற்பலகையிலும் புரி பிடித்தால் இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு இடைவெளி நின்றுவிடும், எவ்வளவு திருகினாலும் மூடாது. நுனியிலிருந்து குறைந்தது 25 மி.மீ. உள்ளே போடுங்கள். புரியில் மெழுகுதிரி தேய்த்தால் பாலையில்கூட இறங்கும். திருகாணி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கீழ்ப்பலகைக்குள் இருக்கவேண்டும்.

வெள்ளை ஒட்டு எத்தனை மணிநேரம் பிடிக்கவேண்டும்?

கிளாம்ப் ஒரு மணிநேரம், பாரம் ஏற்ற 24 மணிநேரம். மழைநாளில் இரண்டையும் ஒன்றரை மடங்காக்குங்கள். ஈரம் படும் இடத்துக்குப் போத்தலில் டி3 என்று குறித்தது, மழை நேரே படும் இடத்துக்கு டி4 அல்லது எப்பொக்சி. ஒட்டு இடைவெளியை நிரப்பாது. மூட்டில் ஒரு தாள் நுழைந்தாலே அது தளர்ந்த மூட்டு. இறுக்கும்போது விளிம்பில் சிறு மணிகளாக ஒட்டு வரிசையாக வந்தால் அளவு சரி. அதை ஈரத்துணியால் தேய்த்தால் மரத்துளைக்குள் போய், பிறகு வார்னிஷ் பிடிக்காத வெள்ளைத் தேமலாகத் தெரியும். அரைமணி விட்டு, றப்பர் பதத்தில் உளியால் தட்டி எடுங்கள்.

அழகாகச் செய்த மேசையின் மேற்பலகை கச்சானில் வெடித்துவிட்டது. மரம் பழுதா?

மரம் பழுதில்லை. அசைய இடம் விடாமல் பூட்டியதுதான் காரணம். மரம் நீளத்தில் அசைவது மிகக் குறைவு, அகலத்தில்தான் அசையும். தேக்கு போன்ற மரத்தில் ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் ஏறத்தாழ 0.2 சதவீதம் மாறும். மாரிக்கும் கச்சானுக்கும் இடையில் 4 சதவீத மாற்றம் என்று வைத்தால், 600 மி.மீ. அகல மேசையில் அது 4.8 மி.மீ. நான்கு பக்கச் சட்டத்தோடும் மேற்பலகையைத் திருகாணியால் இறுக்கியிருந்தால் அந்த 5 மி.மீ. எங்கே போகும்? வெடித்துத்தான் போகும்.

குறுக்குச் சட்டத்தில் நடுத்துளையை மட்டும் வட்டமாக விடுங்கள். ஓரத்துளைகளைப் பலகையின் அகலப்பக்கமாக 12 மி.மீ. நீளத்துக்கு நீட்டி, 5 மி.மீ. அகலத்தில் வெட்டி, வாஷரோடு திருகாணி போடுங்கள். முழு இறுக்கம் வேண்டாம். சட்டத்துக்குள் பதிக்கும் கதவுப்பலகைக்கு ஒட்டே வைக்கக்கூடாது. மாரியில் செய்கிறீர்களென்றால் பலகை ஊதிய நிலையில் இருக்கிறது, ஆகவே தவாளிப்பில் 1 மி.மீ. விட்டாலும் போதும். கச்சானில் செய்தால் 3 மி.மீ. வரை விடவேண்டும். பூச்சையும் பலகையின் இரண்டு முகத்திலும் சமமாகப் பூசுங்கள். மேலே மட்டும் வார்னிஷ், அடியில் வெறும்மரம் என்றால் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்து பலகை கிண்ணமாக வளையும்.

மழைக்குக் கதவு இறுகுகிறது. சீவலாமா?

உடனே சீவவேண்டாம். முதலில் பிணைச்சலைப் பாருங்கள். மேல் பிணைச்சல் தளர்ந்திருந்தால் கதவு சரிந்து, பூட்டுப்பக்க மேல்மூலையும் கீழ்விளிம்பும் உரசும். இது மழையோடு சம்பந்தமில்லாதது. தளர்ந்த துளைக்குள் ஒட்டுப் பூசிய மரக்குச்சியை அடித்து இறுக்கி, காய்ந்தபின் 50 மி.மீ. திருகாணி போட்டால் பாதிக் கதவுகள் சரியாகிவிடும்.

பூட்டுப்பக்கம் முழுநீளமும் உரசினால் அது ஊதல். விளிம்பில் வெள்ளைச் சோக்கைப் பூசிக் கதவை மூடித் திறங்கள். சோக்கு அழிந்த இடத்தில் மட்டும் 1 மி.மீ. சீவுங்கள். மாரி நடுவில் தாராளமாகச் சீவிய கதவு ஆனியில் விரல் நுழையும் இடைவெளியோடு நிற்கும். சீவிய விளிம்பை வெறுமையாக விடாதீர்கள். கதவைக் கழற்றியதோடு மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டையும் தடவிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே பெயின்ட்டே போயிருக்காது, ஈரம் ஏறும் வாசல் அதுதான்.

நுளம்பு வலைச் சட்டம் ஒன்று செய்வது எப்படி?

வாரவிடுமுறை ஒன்றுக்குள் முடியும் வேலை, மூட்டு வெட்டப் பழகவும் நல்லது. உள்ளளவு 900 × 1200 மி.மீ. உள்ள யன்னலை எடுத்துக்கொள்வோம். பழைய யன்னல்கள் நேராக இரா. அகலத்தை மூன்று இடத்திலும் உயரத்தை மூன்று இடத்திலும் அளந்து, சிறிய எண்ணையே எடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. விட்டால் சட்டத்தின் வெளியளவு 894 × 1194.

மரம்: சீவிய 45 × 20 மி.மீ. சட்டம். நிற்கும் துண்டு 1194 மி.மீ. இரண்டு, கிடைத்துண்டு 894 மி.மீ. மூன்று (ஒன்று நடுவுக்கு). 10 அடிச் சட்டம் இரண்டு வாங்கினால் ஒன்றில் 1194 + 894 + 894 வரும், மற்றதில் 1194 + 894. முதல் சட்டத்தில் மிச்சம் 66 மி.மீ. மட்டுமே. நுனி வெடித்திருந்தால் 12 அடியாக எடுக்கவேண்டும். அதோடு ஃபைபர்கிளாஸ் வலை, 12 × 6 மி.மீ. மரப்பட்டி ஏறத்தாழ 7 மீற்றர், ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிள். இரும்புக் கம்பிவலை வேண்டாம், உப்பில் அது இரண்டு மாரி காணாது.

மூட்டு: சேரும் இடத்தில் இரண்டு துண்டிலும் பாதித் தடிப்பை, அதாவது 10 மி.மீ. ஆழம், 45 மி.மீ. அகலத்துக்கு வெட்டி ஒன்றின்மேல் ஒன்று பதிக்கவேண்டும். அகலத்தை நாடாவால் அளக்காமல் மற்றத் துண்டையே வைத்துக் கூர்க்கத்தியால் கீறுங்கள். வாளைக் கோட்டின் கழிவுப்பக்கத்தில் ஓட்டுங்கள். நடுவில் 8 மி.மீ.க்கு ஒன்றாக ஐந்தாறு வெட்டுப் போட்டு, உளியால் இரண்டு பக்கமிருந்தும் நடுநோக்கி எடுங்கள். ஒரே பக்கமாக அடித்தால் மறுபக்க விளிம்பு பிய்ந்துபோகும்.

ஒட்டுப் பூசி, ஒவ்வொரு மூட்டிலும் கிளாம்ப் போட்டபின், காயமுன் குறுக்குமூலை அளவுகளைப் பாருங்கள். இரண்டும் 1492 மி.மீ. அளவில் சமமாக வரவேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் நீண்ட மூலையைத் தள்ளிச் சரிசெய்யுங்கள். வலை பூட்டமுன் பெயின்ட் வேலையை முடித்துவிடவேண்டும். வலையை மேற்சட்ட நடுவில் தொடங்கி மூலைநோக்கி 40 மி.மீ.க்கு ஒன்றாக அடித்து, பிறகு கீழ்நடு, பிறகு பக்கங்கள். மூலையில் தொடங்கினால் வலையில் அலை விழும். பட்டியை மேலே வைத்துச் சிற்றாணி அடித்து, வெளியே நீட்டிய வலையைக் கத்தியால் அறுத்தால் முடிந்தது. பூட்டுவதற்கு நான்கு திருப்புக்கொழுக்கி போதும். கழற்றிக் கழுவ முடியாத நுளம்பு வலை ஒரு வருடத்தில் தூசிவலை.

சீமெந்துக்கல் சுவரில் றாக்கை நிற்குமா?

நிற்கும், ஆனால் கல்லின் பொள்ளுப் பக்கத்தில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அடித்தால் நிற்காது. ட்ரில் சடுதியாக உள்ளே பாய்ந்தால் அது பொள். நாலைந்து அங்குலம் தள்ளித் திண்மையான இடத்தைப் பாருங்கள், அல்லது பின்னால் விரியும் வகைப் பிளக் வாங்குங்கள். மேற்பூச்சு 12 முதல் 15 மி.மீ. வரை ஒன்றையும் தாங்காது. பிளக் முழுவதும் அதைத் தாண்டிக் கல்லுக்குள் இருக்கவேண்டும். 6 மி.மீ. பிளக்குக்கு 4 மி.மீ. திருகாணி, 8க்கு 5.

புத்தகம் ஒரு மீற்றர் அடுக்கினால் 30 கிலோவைத் தாண்டும். தாங்கியின் நிற்கும் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மேல்பக்கத் திருகாணியின் இழுவை குறையும். 225 மி.மீ. ஆழ றாக்கையில் 30 கிலோ வைத்தால், 200 மி.மீ. காலுள்ள தாங்கிகளில் மேல் திருகாணிகளை இழுப்பது மொத்தம் 17 கிலோ அளவு. கால் 100 மி.மீ. என்றால் 34 கிலோ. பலகை நடுவில் தொய்வதைத் தவிர்க்க 18 மி.மீ. ஒட்டுப்பலகைக்கு 750 மி.மீ.க்கு ஒரு தாங்கி வையுங்கள். இதே பாரத்தை இரட்டை நீளத்துக்குப் பரப்பினால் தொய்வு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு.

கறையானா, உளுவா? என்ன செய்வது?

மண்குழாய் சுவரிலோ காலிலோ ஏறினால் கறையான். சிறு வட்டத்துளையும் கீழே மா போன்ற தூளும் என்றால் உளு. உளு பெரும்பாலும் றப்பர் மரம், மாமரம், எல்லா மரத்தினதும் வெளிறு ஆகியவற்றில் வரும். செய்யும்போதே தடுக்க, 1 லீற்றர் சுடுதண்ணீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பூச்சுப் பூசாத வெறும்மரத்தில் இரண்டு முறை தாராளமாகத் தடவி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு வார்னிஷ் பூசுங்கள். கையுறை போடுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், மரக்கறி வெட்டும் பலகைக்குப் பாவிக்கவேண்டாம். மழை படும் சாமானில் இது கழுவுண்டு போய்விடும்.

கறையானுக்கு மருந்தைவிடக் கண் முக்கியம். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் விடுங்கள், கால்நுனியில் பிளாஸ்டிக் குமிழ் பூட்டுங்கள். மண்குழாய் தெரியும்படி இருந்தால் ஏறிய கிழமையே பிடிக்கலாம்.

வார்னிஷ் பூசியதும் வெள்ளையாகப் பனி படர்கிறது.

மழைநாளில் லக்கரோ அரக்குப் பொலிஷோ பூசினால் அப்படித்தான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தைப் பூச்சுக்குள் பிடித்துவிடும். கார்த்திகை, மார்கழியில் இந்த இரண்டையும் தள்ளிவையுங்கள், அல்லது மழை விட்ட நாளில் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் பூசுங்கள். பனித்ததை, வெயில் வந்த நாளில் மெல்லிய தின்னர்க் கோட் ஒன்று பெரும்பாலும் எடுத்துவிடும்.

வெளியே வைக்கும் வாங்குக்கு எந்தப் பூச்சு?

தெளிந்த சாதாரண வார்னிஷ் வெயிலில் உரியும். அது வெயிலைத் தடுப்பதில்லை. வெயில் அடியிலுள்ள மரத்தைச் சிதைக்க, பூச்சு பிடிப்பிழக்கிறது. புறஊதாத் தடுப்புள்ள மரைன் வார்னிஷ் என்றால் முதல் கோட்டில் 15 சதவீதத் தின்னர் கலந்து, மேலே மூன்று கோட், நடுவில் 240 சாண்ட் பேப்பர். வருடத்துக்கு ஒருமுறை, உரியத் தொடங்கமுன், மேலே ஒரு கோட். அந்தப் பொறுமை இல்லையென்றால் பெயின்ட் பூசுங்கள். நிறமுள்ள பூச்சுத்தான் வெளியில் நீண்டநாள் நிற்கும். தேக்கென்றால் ஒன்றும் பூசாமல் நரைக்கவிடலாம், பலம் குறையாது.

லின்சீட் எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒன்று: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளிக்குள் போடுங்கள்.

கிறைண்டரில் மரவாள் தட்டைப் பூட்டி வெட்டலாமா?

கூடாது. பல இடங்களில் செய்கிறார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி வருகிறது. 4 அங்குலக் கிறைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடுகிறது. மரம் வெட்டும் வட்டவாள் அதில் பாதி வேகத்தில்தான் ஓடும். பல்லுள்ள தட்டு மரத்தில் கடிபட்டால் மிஷின் கையை மீறிப் பின்னால் எகிறும். வட்டவாளில் உள்ள அடித்தட்டும் மூடியும் கிறைண்டரில் இல்லை. கைவாளால் 45 மி.மீ. சட்டம் வெட்ட அரை நிமிடம்.

மின்சாரப் பக்கத்தில் கவனிக்கவேண்டியது?

பழைய வீடுகளில் இன்னும் 5 அம்பியர் வட்டமுனைச் சொக்கெட்டுகள் உண்டு. 1500 வோட் வாள் 230 வோல்ற்றில் 6.5 அம்பியர் இழுக்கும். அடாப்டர் போட்டு அதில் செருகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ. தடிப்பில், சுருளை முழுதும் விரித்துப் பாவிக்கவேண்டும். சுருளோடு விட்டால் சூடேறி உருகும். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். ஈர முற்றத்தில் வெறுங்காலோடு நின்று மிஷின் பிடிக்கக்கூடாது.

உளியை எப்படித் தீட்டுவது? துருவிலிருந்து எப்படிக் காப்பது?

6 மி.மீ. கண்ணாடித் துண்டில் தண்ணீர்ச் சாண்ட் பேப்பர் 400, 1000, 2000 ஒட்டினாலே போதும். முதலில் உளியின் முதுகை, நுனியிலிருந்து ஓரங்குலம், கண்ணாடிபோல மட்டமாக்குங்கள். இதைச் செய்யாமல் முகத்தை மட்டும் தீட்டுவதுதான் வழமையான பிழை. சாய்வு 25 பாகை: சாய்வின் நீளம் உளித்தடிப்பைப்போல் இரண்டேகாலுக்குச் சற்றுக் கூட வந்தால் சரி, 4 மி.மீ. உளிக்கு 9.5 மி.மீ. பின்முனையில் பிசிர் விரலுக்குத் தட்டுப்படும்வரை தீட்டி, முதுகை ஒருமுறை இழுத்துப் பிசிரை எடுங்கள். நுனியை மட்டும் 30 பாகைக்கு உயர்த்தி நாலைந்து இழுவை.

வேலை முடிந்ததும் வியர்வைக் கையடையாளத்தைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவி, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். தோல் உறையில் வைக்கவேண்டாம், தோல் ஈரம் பிடிக்கும்.

முகமூடி அவசியமா?

அவசியம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உள்ளது. துணிமாஸ்க் நுண்தூளைத் தடுக்காது, என்95 வகை வேண்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் சிவந்த கொப்புளம் கிளப்பும்; அதைத் தேய்க்கும் நாளில் நீளக்கைச் சட்டை போட்டு, முடிந்ததும் உடனே குளித்துவிடுங்கள். விறாந்தையில் வேலை செய்வதானால் காற்று உங்கள் முதுகிலிருந்து வெளிநோக்கிப் போகும் பக்கமாக வாங்கைத் திருப்பிப் போடுங்கள். கச்சானில் ஒரு பக்கம், வாடையில் மறுபக்கம்.